பத்துக்குப் பத்து அறையில் 5.1: கேள்விகளும் பதில்களும்

வீடு வீடாகச் சென்று ஸ்பீக்கர் பொருத்துவது என் தொழில். சிறிய அறையில் சரவுண்ட் ஒலி அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 5.1 என்றால் நம்மைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள் (முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், பின்னணி ஒலிக்கு இரண்டு), அதோடு பேஸ் எனும் கனத்த தாழ்ந்த ஒலிக்காகத் தனியே ஒரு சப்ஊஃபர்.

மதுரை வாசகர்: ஐயா, எங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் காதை அடைக்கிறது. நடுவில் நாற்காலி போட்டால் பேஸே கேட்பதில்லை. பெரிய சப்ஊஃபர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். குறை அறையின் அளவில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 10 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி, பாதி அலையாகப் பொருந்தி அங்கேயே நின்றுவிடும். அது சுவரோரம் பெருத்து, நட்டநடுவில் மெலியும். உங்களுக்கு மூன்று அளவும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் குவிகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை வெளியே விடுவதும் இல்லை.

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடி தள்ளிப் போடுங்கள். பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே சப்ஊஃபரை வைத்து, பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்கும் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். நீங்கள் தரையோடு குனிந்து சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவாகக் கேட்கின்றனவோ, அங்கே சப்ஊஃபரை மாற்றி வையுங்கள். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டி) கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்ஊஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

இன்னொன்று. ஒரு வீட்டில் ‘சப்ஊஃபர் கிழிந்துவிட்டது’ என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், பாட்டின் ஒவ்வொரு பேஸ் அதிர்வுக்கும் பீரோவின் பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து நடுங்கி, தகரக் கதவில் மோதிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துவிட்டு, கதவு இடுக்கில் மடித்த துணியைச் செருகியதும் இரைச்சல் நின்றது. புதிதாக எதையும் வாங்கும் முன் ஜன்னல் கண்ணாடி, பரண்மேல் பாத்திரம், சுவர்ப்படம் எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

திருச்சி வாசகர்: சோபாவைப் பின்சுவரிலிருந்து நகர்த்த வழியில்லை. பின் ஸ்பீக்கர்களை எங்கே மாட்டுவது?

பின்சுவர் மூலைகளில் மாட்ட வேண்டாம். 5.1 அமைப்பில் அவற்றின் இடம் பக்கவாட்டில்தான். நேர் முன்பக்கத்தைப் பூஜ்யமாக வைத்தால், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை 100 முதல் 120 பாகை வரை; முன் ஸ்பீக்கர்களுக்கு இருபுறமும் 30 பாகை. உங்கள் சோபா பின்சுவரை ஒட்டி இருப்பதால் 90 பாகையில், காதுக்கு நேராக இரு பக்கச் சுவர்களிலும் மாட்டினால் போதும். உட்கார்ந்தவரின் காதைவிட ஓர் அடி, ஒன்றரை அடி மேலே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் தலை மறைக்காது. ஒன்று அருகிலும் மற்றொன்று தூரத்திலும் அமைந்துவிட்டால், ஒவ்வொன்றின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து ரிசீவரில் பதியுங்கள்.

சேலம் வாசகி: சண்டைக் காட்சி அதிர்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை. என் அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

உங்கள் அம்மாவின் சிரமம்தான் பெரும்பாலான வீடுகளில் முதல் குறை. பேச்சில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில் வருகிறது. அதை டிவி அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைப்பதால் குரல் குகைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். அலமாரி விளிம்புவரை முன்னே இழுங்கள். முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, ஸ்பீக்கரின் முகம் அம்மாவின் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் ஒரு தடித்த ஜமக்காளம் விரியுங்கள். அதன்பின்னும் போதாவிட்டால் சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள்.

ஈரோடு வாசகர்: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகுமா?

போகாது. மேல்ஸ்தாயியில் சிறிது குறையும், பேஸ் அப்படியே இருக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. தெர்மாகோலும் உதவாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே கனமான திரையோ புத்தக அலமாரியோ இருக்கட்டும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். காசு கொடுத்து வாங்கும் மெல்லிய நுரைப் பலகையைவிட நன்றாக வேலை செய்யும்.

நாகர்கோவில் வாசகர்: விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் தேவையா?

தேவையில்லை. இந்த அளவு அறைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். சிவப்பு முனை சிவப்புக்கே போகிறதா என்பதை மட்டும் இருமுறை பாருங்கள்; ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

கோவை வாசகர்: நடுவில் மின்விசிறி ஓடும் கூரையில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அமைப்பு) வைக்கலாமா?

கூரையை நோக்கி ஒலியை எய்து திருப்பும் வகை வேண்டாம். விசிறியின் இறக்கைகள் அந்த ஒலியை வெட்டும். இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைக் கூரையிலேயே, உட்காருமிடத்துக்குச் சற்று முன்னால், இடமும் வலமுமாகப் பொருத்துங்கள். அது 5.1.2 ஆகிவிடும்; கடைசி 2 என்பது மேலே உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள். ஆனால் கீழே உள்ள ஐந்தும் சரியாக அமைந்த பிறகு கூரையில் துளை போடுங்கள்.