‘லிபரேட்டர்’ என்பதற்குத் தமிழில் எதை எழுதலாம்?

மற்றவர்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறவரை ‘மீட்பர்’ எனலாமா, ‘விடுதலை வீரர்’ எனலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் யார், எதிலிருந்து விடுவித்தார் என்பதைப் பொறுத்தது.

‘மீட்பர்’ நல்ல சொல்தான். கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவது மீட்பது. அடகு வைத்த நகையையும் மீட்கத்தான் செய்கிறோம். ஆனால் எங்கள் புதுச்சேரியில் வெறுமனே ‘மீட்பர்’ என்றால் இயேசுதான் நினைவுக்கு வருவார். அரசியல் தலைவருக்குப் போட்டால் துதிபாடுவது போல ஆகிவிடும்.

‘விடுதலை வீரர்’ போராடியவரைச் சொல்கிறது. வென்றாரா என்பது அதில் இல்லை. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் இறங்கிய கடலூர் அஞ்சலை அம்மாளுக்கு அது கச்சிதம். புதுச்சேரியின் வ. சுப்பையாவுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே அவர் ‘மக்கள் தலைவர்’. எனக்கும் அதுதான் பிடிக்கும். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்ததோடு, ஆலைத் தொழிலாளரின் எட்டு மணி நேர வேலைக்காகவும் போராடியவர் அவர். பேச்சுவழக்கில் இவர்கள் எல்லோருமே ‘தியாகி’தான். அரசு தரும் உதவித்தொகைக்குக்கூட ‘தியாகி பென்ஷன்’ என்றுதான் பெயர்.

‘விடுவிப்பவர்’ இலக்கணப்படி சரி. ஆனால் நிதியைக்கூட விடுவிக்கிறார்களே, கொஞ்சம் அலுவலக வாடை. ‘விமோசகர்’ வேண்டாம், சாபம் தீர்க்க வந்தவர் போலிருக்கும்.

சரி, மொழிபெயர்ப்பில் என்ன செய்வது? பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு ‘விடுதலை பெற்றுத் தந்தவர்’ என்று எழுதுங்கள். அதுவும் ஒருவருக்கே பொருந்தும்போது மட்டும். 1954 அக்டோபரில் புதுச்சேரியை அடுத்த கீழூரில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள்; அங்கே யாரைத் தனியாகச் சொல்வது?