தளபதியின் தமக்கை

கேள்வி: முதல் உலகப் போர் மூண்டதும் எம்மலின் பாங்கர்ஸ்ட் வாக்குரிமைக் கிளர்ச்சியை நிறுத்திவிட்டு, படைக்கு ஆள் சேர்க்கும் பிரசாரத்தில் இறங்கினார் என்று படித்தேன். பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் எல்லோருமே போரை ஆதரித்தார்களா?
(வாசகி ஒருவர், மதுரை)

பதில்: இல்லை. அவர் பெற்ற மகள் சில்வியாவே எதிரணியில்தான் நின்றார். அவரைப் போலவே, சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே போரை எதிர்க்க நேர்ந்த இன்னொருவர் சார்லட் டெஸ்பார்ட். 1914-ல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி ஜான் பிரெஞ்ச், அவரைவிட எட்டு வயது இளைய உடன்பிறந்த தம்பி.

1844-ல் வசதியான குடும்பத்தில் பிறந்த சார்லட், 1890-ல் கணவர் இறந்த பிறகு, லண்டனின் பேட்டர்சி பகுதியில் ஏழைத் தொழிலாளர்களிடையே குடியேறினார். அறுபது வயதுக்கு மேல்தான் பாங்கர்ஸ்டின் சங்கத்தில் சேர்ந்தார். 1907-ல் ஹாலோவே சிறைக்கும் போனார். அதே ஆண்டு, சங்கத்தின் விதிகளைக் கிடப்பில் போட்டு நிர்வாகக் குழுவைத் தானே நியமிக்கப் பாங்கர்ஸ்ட் முற்பட்டபோது, அதை ஏற்காதவர்களுடன் வெளியேறிப் பெண்கள் சுதந்திரக் கழகத்தைத் தொடங்கினார். வாக்கு இல்லாதவர்களிடம் வரி கேட்க அரசுக்கு உரிமையில்லை என்று வரி கட்ட மறுப்பதும், 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புறக்கணிப்பதும் இக்கழகத்தின் வழிகள். 1909-ல் லண்டன் வந்திருந்த காந்தி இவரைச் சந்தித்தார் என்பதில் வியப்பில்லை.

ஒரு தலைவியின் ஆணைக்குப் பணிய மறுத்த அதே மனம்தான் போர்க்கால அரசின் ஆணைக்கும் பணிய மறுத்தது என்பது என் கணிப்பு. போர் நடந்த ஆண்டுகளிலும் கழகம் வாக்குரிமைக் கோரிக்கையைக் கைவிடவில்லை. படைக்கு ஆள் திரட்டவும் இல்லை. தம்பி போர்முனையில் இருக்க, தமக்கை மேடையேறிச் சமாதானம் கோரினார். முப்பது வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1918-ல் வாக்கு கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலிலேயே, 74 வயதில், தொழிற்கட்சி வேட்பாளராக வடக்கு பேட்டர்சியில் நின்று தோற்றார். வெற்றிக் களிப்பில் இருந்த ஊரில் சமாதானம் பேசியவருக்கு வேறென்ன கிடைத்திருக்கும்?

போர் பிரிக்காத இருவரையும் அயர்லாந்து பிரித்தது. 1918-ல் தம்பி அங்கே அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று விடுதலை இயக்கத்தை ஒடுக்க முனைந்தார். அக்காவோ அந்த இயக்கத்தாருடனேயே சேர்ந்துகொண்டார். உறவு முறிந்தது. அந்த இயக்கம் ஆயுதம் ஏந்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: பேரரசுகளின் போரை உறுதியாக எதிர்த்த சார்லட், அடிமைப்பட்ட நாட்டின் கிளர்ச்சியை அதே தராசில் வைத்து நிறுக்கவில்லை.