புதுச்சேரி என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு மாதம். ஆறாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்ட அன்றிரவு காய்ச்சல் 102 டிகிரிக்கு ஏறியது. தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது, விடியும்வரை அழுதான். இனி என் பேரனுக்கு ஊசியே கூடாது என்று மாமியார் (வயது 60) சொல்லிவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவரும் "அம்மா சொல்வதைக் கேள்" என்கிறார். வீடு தேடி வந்த செவிலியரிடம், புதுச்சேரியில் தனியார் மருத்துவமனையில் போட்டுவிட்டோம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டில் சண்டை வராமல் மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது?
— ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மாமியாரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்ததோ, "சொல்லிச் சமாளித்துவிட்டேன்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான்.

கடலூரில் போட்டோம் என்று சொல்லியிருந்தால், எந்த மருத்துவமனை என்று கேட்டு அன்று மாலைக்குள் அந்தச் செவிலியர் விசாரித்திருப்பார். பெண்ணையாற்றுக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரியில் வேறு அரசு, வேறு பதிவேடு. நம் பக்கத்தில் எத்தனையோ பேர் வைத்தியத்துக்கு அங்கே போகிறவர்கள் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த ஊரின் பெயர் உங்கள் வாயில் வந்தது. யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பனிப்பொதி வைத்த பெட்டியை மடியில் ஏந்திப் பேருந்தில் வந்திறங்கி, வெயிலில் தெருத்தெருவாக நடக்கிற பெண் அவர். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சின்னஞ்சிறு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்த பிறகுதான் மருந்தை ஊசியில் ஏற்றுவார். அவ்வளவு கவனமாக உங்கள் பிள்ளையைத் தேடி வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

நாளை உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால், ஊசி போடாத குழந்தைகள் யார் யார் என்று அவர் பதிவேட்டைப் புரட்டுவார். உங்கள் மகன் பெயருக்கு எதிரே போட்டாயிற்று என்று இருக்கும். அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தட்டம்மை கண்டவர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். பக்கத்து வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தால், அதற்கு இந்த ஊசி போடும் வயதே இன்னும் வரவில்லை. சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள் என்ற ஒரே காவலில்தான் அது தொட்டிலில் கிடக்கிறது. உங்கள் பொய் அந்தத் தாயிடமும் சொன்ன பொய்தான்.

காய்ச்சலுக்கு வருகிறேன். ஐந்து நோய்களுக்கு ஒன்றாகத் தொடையில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் கக்குவான் கிருமி கொல்லப்பட்ட நிலையில் முழுதாக இருக்கிறது. உடல் அதை எதிர்த்துப் பழகும்போது காய்ச்சலும் வீக்கமும் வரும், ஓரிரு நாளில் தணியும். எடைக்கு எவ்வளவு பாரசிட்டமால் என்று ஊசி போட்டவர் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தாலோ உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தாலோ அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் காய்ச்சலும் வீக்கமும் தவணையை நிறுத்தக் காரணமாகாது.

உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபமில்லை. பயந்தார், பயத்தை வாய்விட்டுச் சொன்னார். அவர் குழந்தையாக இருந்த காலத்தில் வீடு வீடாக அம்மை குத்த வருவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடிய தாய்மாரும் இருந்தார்கள். அந்த வயதுக்காரர்கள் பலருடைய புஜத்தில் காசளவு தழும்பு இருக்கும். அவருக்கும் இருந்தால், அது புண்ணாகிப் பொருக்கு உதிரும்வரை அவருடைய அம்மா எத்தனை இரவு விழித்திருந்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வந்ததில்லை. அந்தத் தலைமுறையின் அழுகையும் காய்ச்சலும் சேர்ந்துதான் அதை ஒழித்தன.

"அம்மா சொல்வதைக் கேள்" என்று உங்கள் கணவர் ஒரு மகனாகப் பேசுகிறார். தகப்பனாக என்ன சொல்கிறார் என்று இன்றிரவு தொலைபேசியில் கேளுங்கள். எந்தக் கோயிலில் மொட்டை அடிப்பது, பெயர் சூட்டுவது, காது குத்துவது ஆகியவற்றில் பெரியவர்கள் சொல்லுக்கு அடங்கி நடப்பதே முறை என்று நினைக்கிறவள் நான். பிள்ளையின் உயிரைக் காப்பது பெற்றவர்களின் கடன். அதைப் பாட்டியின் தலையில் வைத்துவிட்டு, வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதை நான் அடக்கம் என்று சொல்ல மாட்டேன்.

வருகிற புதன்கிழமை, தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தவணைகளுக்கு இடையே நான்கு வாரம் போதும். ஒன்பதாம் மாதம் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை–ருபெல்லா ஊசியை அதே நாளில் வேறிடத்தில் போடுவார்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; கேட்க வேண்டியதை அவரே நேரில் கேட்கட்டும்.

யாருக்கும் தெரியாமல் புதுச்சேரிக்கே போய்ப் போட்டு, சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். போகாதீர்கள். அன்றிரவும் காய்ச்சல் வரலாம். மாமியார் கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். அதே செவிலியரிடம் போய், அன்று சொன்னது பொய் என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அந்த வரியை அடித்து எழுதிய பிறகு பிள்ளையை மடியில் வைத்து உட்காருங்கள்.