வாசகர் கேள்வி–பதில்: வெயிலில் சாய்ந்த கோழி

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் ஆறு கோழிகள் வளர்த்து வருகிறேன். நேற்று பிற்பகல் அவற்றுள் ஒன்று வேலியோரம் சாய்ந்து கிடந்தது. வாயைப் பிளந்து வேகமாக மூச்சு வாங்கியது, கொண்டை வெளிறியிருந்தது, கழுத்தைத் தூக்க முடியவில்லை. பதற்றத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நீரை உடல் முழுவதும் ஊற்றி, அலகைத் திறந்து தண்ணீரும் புகட்டினேன். மாலையில் எழுந்து நின்றது. ஆனால் இன்று தீவனத்தைத் தொடாமல் ஓரிடத்திலேயே ஒடுங்கி நிற்கிறது. நான் செய்தது சரிதானா? இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் விரைந்து செயல்பட்டதால்தான் அந்தக் கோழி இன்று உயிரோடு நிற்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் நீங்கள் செய்த இரண்டு காரியங்களை, இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், மாற்றிச் செய்ய வேண்டும்.

முதலாவது, தண்ணீர் புகட்டியது. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறிய பிளவு மூடித் திறப்பதைக் காணலாம். அதுதான் மூச்சுக்குழலின் வாய். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் கோழிக்கு அது ஓயாமல் திறந்தபடி இருக்கும். விழுங்கும் வலுவை இழந்து துவண்டு கிடக்கும் கோழியின் வாயில் ஊற்றப்படும் நீர் உணவுக்குழலுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போகவே வாய்ப்பு அதிகம். தானாகத் தலையை நிமிர்த்தும் நிலைக்கு வரும்வரை குடிக்கக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பிறகு விரலை நனைத்து அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கியதைப் பார்த்த பின்னரே அடுத்த சொட்டு. குளிர்விப்பது முதலில், குடிக்க வைப்பது அதன் பிறகு என்ற வரிசை மாறக்கூடாது.

இரண்டாவது, கடுங்குளிர் நீர். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். ஆகவே ஆபத்தான எல்லைக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வெப்பம் ஏறும்போது அது உடலின் இரத்தத்தைக் கொண்டை, தாடி, கால்கள் ஆகிய இறகில்லாத பகுதிகளுக்கு மிகுதியாக அனுப்பி வெப்பத்தை வெளியேற்றப் பார்க்கும்; இறக்கைகளை உடலிலிருந்து அகட்டி நிற்கும்; அதுவும் போதாதபோது வாயைத் திறந்து, தொண்டையை அதிரவிட்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கும். பனிக்கட்டி போன்ற நீரைக் கொட்டினால் தோலின் அருகேயுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன; வெப்பம் வெளியேறும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, ஏற்கெனவே தளர்ந்த பறவைக்கு அது பேரதிர்ச்சி.

சரியான முறை இதுதான். கோழியை அதிகம் துரத்தாமலும் இறுக்கிப் பிடிக்காமலும் காற்றோட்டமுள்ள நிழலுக்கு எடுத்துச் செல்லுங்கள். பிடிக்கும்போது மார்பை அழுத்தினால் மூச்சே நின்றுவிடலாம், ஏனெனில் நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவையால் மூச்சு விட முடியும். குழாயிலிருந்து வரும் சாதாரணத் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் எடுத்து, கோழியின் கால்களும் வயிற்றின் அடிப்பகுதியும் நனையும்படி அதில் நிறுத்துங்கள் அல்லது தாங்கிப் பிடியுங்கள். தலை எப்போதும் நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். கொண்டையையும் தாடியையும் ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். இறக்கையைத் தூக்கி அதன் அடியிலும் நனையுங்கள். முதுகில் மட்டும் தெளிக்கும் நீர் இறகின் மேலேயே வழிந்தோடிவிடும், தோலை எட்டாது. இவற்றோடு மின்விசிறியின் காற்றோ கையால் விசிறும் காற்றோ படவேண்டும். காற்றில்லாமல் வெறுமனே நனைத்தால், குறிப்பாகப் புழுக்கமான நாளில், பயன் மிகக் குறைவு. அலகை மூடி மூச்சு விடத் தொடங்கி, இறக்கைகளை உடலோடு சேர்த்துக்கொண்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் கோழி நடுங்கத் தொடங்கும்.

இப்போது உங்கள் கோழியின் நிலைக்கு வருவோம். மறுநாள் தீவனம் எடுக்காமல் ஒடுங்கி நிற்பது எதிர்பார்க்கக்கூடியதே. அதை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். தளர்ந்த கோழியைக் கூட்டம் கொத்திவிடும். ஆனால் அவை அதன் கண்ணில் படும்படி இருக்கட்டும், முற்றிலும் தனித்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது கடினம். மனிதர்களுக்கான உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள நீரின் அளவைவிட இரு மடங்கு நீரில் கரைத்து ஒரு நாள் மட்டும் வைக்கலாம். அருகிலேயே வெறும் நீரும் இருக்க வேண்டும். கோழிக்கு உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சாகும் என்பதால் கை அளவில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டாம். தீவனத்தை நீரில் குழைத்துச் சிறிதளவாக, வெயில் இறங்கிய பிறகு வையுங்கள். மீந்ததைப் புளிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

எச்சத்தைக் கவனியுங்கள். நீர்த்துப் போயிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மிகுதியாகக் குடித்த நீர் அப்படி வெளியேறுகிறது. பச்சை நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் வயிற்றில் இறங்கிய பித்தமே. ஆனால் ஒரு நாளுக்கு மேல் எதையும் உண்ணாமலிருத்தல், நிற்க இயலாமை, கழுத்து ஒரு பக்கமாகத் திருகுதல், மூச்சில் களகளவென்ற சத்தம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். நீங்கள் நேற்று நீர் புகட்டியிருப்பதால் கடைசியாகச் சொன்ன சத்தத்தை அடுத்த சில நாட்களுக்குக் காது கொடுத்துக் கேட்பது அவசியம்.

கேள்வி: வெயில் தாக்கிய கோழிக்குக் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. காய்ச்சலில் உடலே தன் வெப்ப அளவை உயர்த்திக்கொள்கிறது. அம்மாத்திரை அந்த அளவைத்தான் இறக்கும். இங்கே வெப்பம் வெளியிலிருந்து ஏறியது. அதைக் குறைக்கும் வேலையை நீரும் காற்றுமே செய்யும்.

கேள்வி: கடும் வெயில் தொடங்கியதிலிருந்து என் கோழிகள் மெல்லிய ஓடுள்ள முட்டைகளையும், சில நாட்களில் ஓடே இல்லாத தோல்முட்டைகளையும் இடுகின்றன. கிளிஞ்சல் தூள் கொடுத்தும் சரியாகவில்லையே?

பதில்: குறை தீவனத்தில் மட்டும் இல்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் கோழி கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிடுவதால் அதன் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில், ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது, இரத்தத்தில் உடனே பயன்படக்கூடிய சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. வெக்கையில் தீவனம் எடுப்பது குறைவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. எனவே கிளிஞ்சலை நிறுத்தாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், குறிப்பாக மாலையில். ஓடு கட்டுவதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. ஆனால் கோழிகள் மூச்சு வாங்குவது நிற்கும்படி கூண்டின் வெப்பத்தைக் குறைக்காதவரை ஓடு முழுமையாகத் தேறாது. தண்ணீர்ப் பாத்திரத்தையும் நிழலுக்கு மாற்றுங்கள். சூடேறிய நீரைக் கோழி தாகம் இருந்தாலும் குறைவாகவே குடிக்கும்.

கேள்வி: அடைக்கோழி வெயிலிலும் கூட்டை விட்டு எழவே மாட்டேன் என்கிறது. விரட்டி எழுப்பலாமா?

பதில்: மற்றக் கோழிகள் தாமாகவே நிழல் தேடிப் போய்விடும், அடைக்கோழியோ ஒரு நாளில் ஒருமுறை, அதுவும் சிறிது நேரமே, எழுந்து தின்று குடித்துவிட்டுத் திரும்புவதால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். பகலில் விரட்டாமல், இருட்டிய பின் முட்டைகளோடு கூட்டைக் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். உட்கார்ந்தபடியே அலகு எட்டும் தூரத்தில், சிந்தாத சிறு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். அப்போதும் மதியத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இந்த வெயில் தணியும்வரை முட்டைகளை எடுத்துவிட்டு அடையைக் கலைப்பதே சரி.