‘ரிக்ரெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? ‘சாரி’ கேட்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. செய்ததையோ செய்யாமல் விட்டதையோ நினைத்து ‘இப்படி ஆகிவிட்டதே’ என்று வருந்துவது ரிக்ரெட். தப்பு என்னுடையது என்று ஏற்றுக்கொள்வது அபாலஜைஸ். 2019 ஏப்ரலில், ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூறாண்டு நிறைவையொட்டி, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் சொன்னது ‘வீ டீப்லி ரிக்ரெட்’ என்றுதான். வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் உடனே எழுந்து முழுமையான மன்னிப்பு வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். ஆகவே தப்பு உங்கள் பக்கம் இருந்தால் தயவுசெய்து ரிக்ரெட்டின் பின்னால் ஒளியாதீர்கள், அபாலஜைஸ் என்றே எழுதுங்கள்.

அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் பிழை ‘ஐ ரிக்ரெட் ஃபார் தி டிலே’. தமிழில் ‘தாமதத்துக்கு வருந்துகிறேன்’ என்கிறோம் அல்லவா, அந்த ‘கு’ உருபுதான் அங்கே ‘ஃபார்’ ஆகிவிடுகிறது. ரிக்ரெட்டுக்கு ‘ஃபார்’ வேண்டாம்: ‘ஐ ரிக்ரெட் தி டிலே’. அபாலஜைஸுக்குக் கட்டாயம் வேண்டும்: ‘ஐ அபாலஜைஸ் ஃபார் தி டிலே’. ரயில் நிலைய அறிவிப்பில் வரும் ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்பதிலும் ‘ஃபார்’ கிடையாது, கவனித்துப் பாருங்கள்.

அடுத்து வரும் வினையின் வடிவத்தைப் பொறுத்துப் பொருளே மாறும். ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹெர்’ என்றால் அவளிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று, ஏன் சொன்னோம் என்று இப்போது வருத்தம். ‘ஐ ரிக்ரெட் டு டெல் யூ’ என்றால் கெட்ட செய்தியை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். இந்த ‘டு’ வடிவம் சொல்லுதல், தெரிவித்தல், அறிவித்தல் போன்ற சில வினைகளோடுதான் பொருந்தும். வீட்டை விற்றுவிட்டு வருந்துபவர் ‘ஐ ரிக்ரெட் டு செல்’ என்று சொல்லக் கூடாது. ‘ஐ ரிக்ரெட் செல்லிங்’ என்பதே சரி. செய்யாமல் விட்டதற்கு நடுவில் ஒரு ‘நாட்’ போதும்: ‘ஐ ரிக்ரெட் நாட் ஸ்டடியிங்’.

எழுத்துக்கூட்டலில், இறந்தகாலத்தில் டி (t) என்ற எழுத்து இரட்டிக்கும் (regretted). அழுத்தம் கடைசி அசையான ‘க்ரெட்’டில் விழுவதே காரணம். ‘விசிட்’டில் அழுத்தம் முதலசையில் இருப்பதால் அங்கே ஒற்றை டி.

பெயரடையிலும் குழப்பம் வரும். வருந்துகிற ஆள் ‘ரிக்ரெட்ஃபுல்’. வருந்தத்தக்க சம்பவம் ‘ரிக்ரெட்டபிள்’. ‘நடந்த விபத்து ரிக்ரெட்ஃபுல்’ என்று எழுதினால் விபத்தே உட்கார்ந்து வருந்துவதாகிவிடும்.