கோட்டோவியம் என்றால் என்ன? நாலு கோட்டில் ஒரு முகம் எப்படித் தெரிகிறது?

வண்ணம் இல்லாமல், கோடுகளை மட்டும் கொண்டு வரைவதுதான் கோட்டோவியம். நிஜ முகத்தைச் சுற்றிக் கோடு எதுவும் கிடையாது. ஆனாலும் வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான். காந்தி என்று சொல்லிவிடுகிறோம். காரணம், நம் கண்ணும் மூளையும் ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்பைக் கூர்ந்து கவனிப்பவை. ஓவியர் அந்த விளிம்பை மட்டும் தருகிறார், மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

வழி கேட்டவருக்குப் பழைய ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கித் தருவோமே, அதே சங்கதிதான். தெரு, கோயில், திருப்பம் இருக்கும். வேப்பமரத்தின் இலைகளை யாரும் வரைவதில்லை.

அப்புறம், இது வண்ணம் தீட்டுவதற்கு முந்தைய அரைகுறை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் முழுமையான படைப்புகளே.