பில்பாவோ ஆற்றங்கரை: கேள்வியும் பதிலும்

நகரங்களின் நீர்க்கரைத் திட்டங்களுக்கு வரவு செலவு மதிப்பிடுவது என் வேலை. ஸ்பெயினின் பில்பாவோ பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: 1997இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், நொடித்துப்போன தொழில் நகரம் எழுந்துவிட்டது என்கிறார்களே, நிஜமா சார்?

பாதி நிஜம். குகன்ஹைம் என்ற அந்த அருங்காட்சியகம் திறந்த முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஊர் நடுவே ஓடும் நெர்வியோன் ஆற்றில் கலந்த சாக்கடையைச் சுத்திகரிக்கும் வேலை அதற்குப் பல வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1995இல் மெட்ரோ ஓடியது. துறைமுகத்தை முகத்துவாரத்துப் பக்கம் நகர்த்தியதால்தான் ஊர் நடுவே கரை காலியானது. நாறுகிற ஆற்றின் ஓரத்தில் டைட்டானியம் தகடு போர்த்திய கட்டடத்தை வைத்திருந்தால் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்? போட்டோவில் சாக்கடைக் குழாய் விழாது, அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து: செலவு யார் தலையில்?

பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியின் அரசு அமைப்புகள் தலையில். கட்டடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர். பெயருக்கும் நிர்வாகத்துக்குமாக நியூயார்க்கில் உள்ள குகன்ஹைம் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர். கலைப்பொருள் வாங்கத் தனி நிதி.

திருச்சியிலிருந்து: சுற்றியுள்ள நிலத்தை யார் கையாண்டது?

'பில்பாவோ ரியா 2000' என்ற பொது நிறுவனம், 1992இல் தொடங்கியது. பங்கில் பாதி ஸ்பெயின் மத்திய அரசு அமைப்புகளுக்கு, பாதி பாஸ்க் தரப்புக்கு. ரயில்வேயும் துறைமுகமும் பயனில்லாமல் வைத்திருந்த நிலத்தை இதனிடம் விட்டன. நகராட்சி நிலப் பயன்பாட்டை மாற்றியதும் விலை ஏறும். விற்ற காசில் பூங்காவும் சாலையும் போடுவார்கள். என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தைவிட இந்த ஏற்பாடுதான் படிக்க வேண்டியது. ஆனால் மனை விலையை நம்பிய பிழைப்பு. 2008க்குப் பிறகு ஸ்பெயினில் அது சரிந்ததும் வரவும் வறண்டது.

மதுரையிலிருந்து: ஆலோசனை அறிக்கைகளில் "ஒரு ரூபாய் போட்டால் மூன்று ரூபாய்" என்கிறார்களே, நம்பலாமா?

முதலில் யாருடைய ரூபாய் என்று பாருங்கள். உள்ளூர்க்காரர் சினிமாவுக்கு வைத்திருந்த பணத்தை அருங்காட்சியகத்தில் கொடுத்தால் ஊருக்குப் புது வரவு இல்லை, பை மாறியிருக்கிறது. வேறு வேலையாக வந்தவர் போகிற வழியில் எட்டிப்பார்த்தால், அவருடைய ஓட்டல் பில்லை அருங்காட்சியகக் கணக்கில் எழுதக்கூடாது. அப்புறம் ஒழுகல்: அந்த ஓட்டல் வெளியூர் முதலாளியுடையது என்றால் லாபம் அன்றே ஊரைவிட்டுப் போய்விடும். பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று எந்த நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினாலும் இதே கதைதான். "இது வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்ற பக்கம் இல்லாத அறிக்கையை நான் விளம்பரமாகத்தான் படிப்பேன். (கட்டணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பக்கம் பிடிக்காது, அனுபவம்.)

தூத்துக்குடியிலிருந்து: வேண்டாம் என்று சொன்ன ஊர் உண்டா?

உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் துறைமுகக் கரையில் குகன்ஹைம் கட்டக் கேட்டார்கள். 2016இல் நகர மன்றம் 53க்கு 32 என்று தள்ளிவிட்டது.